வாய்தாவுக்கு ஊர் போகத்தான் வேண்டுமா?

(நமது மும்பை நிருபர்)

மும்பையில் பிழைக்கும் தமிழர்களில் பலர், ஊரில் வீட்டையும் வயதான பெற்றோரையும் விட்டு வந்தது போலவே ஒரு வழக்கையும் விட்டு வந்திருக்கிறார்கள். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, செக் திரும்பிய வழக்கு, ஜீவனாம்சம், விபத்து நஷ்டஈடு என்று அதற்குப் பல பெயர்கள். தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ, டோம்பிவிலியிலோ குடியிருப்பவருக்குத் திருநெல்வேலியில் ஒரு வாய்தா என்றால், ரெயிலில் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள், கோர்ட்டில் ஒரு நாள். தினக்கூலிக்காரருக்கு நான்கு நாள் கூலி போயிற்று. குமாஸ்தாவுக்கு நான்கு நாள் விடுப்பு போயிற்று. இத்தனைக்கும் போய் நின்றால், "நீதிபதி இன்று விடுப்பு", "எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை", "அடுத்த மாதம் வாருங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

இந்த நிலையில், நாட்டிலுள்ள கோர்ட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டர்மயமாக்க மத்திய அரசு கோடி கோடியாகச் செலவழித்து வருகிறது. 2023-ம் ஆண்டு செப்டம்பரில் "இ-கோர்ட்டு" திட்டத்தின் மூன்றாவது கட்டத்துக்கு மத்திய மந்திரிசபை அனுமதித்த தொகை ரூ.7,210 கோடி. இது நான்கு ஆண்டுகளுக்கான திட்டம். இந்தப் பணத்தால் நான்கு நாள் கூலியை இழந்து ஊருக்கு ஓடும் நம்மவருக்கு என்ன லாபம்? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதுவரை நடந்தது

இத்திட்டம் நேற்று முளைத்ததல்ல. சுப்ரீம் கோர்ட்டின் இ-கமிட்டி 2005-ல் இதற்கு ஒரு தேசியத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தது. 2007-ல் தொடங்கிய முதல் கட்டத்தில் 14,249 கீழ்க்கோர்ட்டுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. 2015-ல் தொடங்கிய இரண்டாவது கட்டத்துக்கு ரூ.1,670 கோடி ஒதுக்கப்பட்டது. அதன் முடிவில் கம்ப்யூட்டர் பெற்ற கோர்ட்டுகளின் எண்ணிக்கை 18,735 ஆயிற்று. எந்தக் கோர்ட்டில் எத்தனை வழக்கு எத்தனை ஆண்டாகக் கிடக்கிறது என்பதை யாரும் பார்க்கும்படி "தேசிய நீதித்துறைத் தகவல் தொகுப்பு" 2015-ல் திறக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டின் கணக்கும் 2023-ல் அதில் சேர்ந்தது.

இப்போது நடக்கும் மூன்றாவது கட்டத்தில் மிகப் பெரிய செலவு, பழைய கட்டுகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குத்தான். அதற்கு மட்டும் ரூ.2,038 கோடி. இது வீண் செலவு என்று சொல்வதற்கில்லை. ரெக்கார்டு ரூமில் கட்டு காணாமல் போனதால் பல ஆண்டுகள் முடங்கிய வழக்குகளை நம்மவர்கள் அறிவார்கள். இவை தவிர, 4,400 இ-சேவை மையங்களும், 1,150 மெய்நிகர்க் கோர்ட்டுகளும் திட்டத்தில் உள்ளன.

பதினாறு எழுத்தில் ஒரு பிடி

இவ்வளவிலும் சாதாரண மனிதனுக்கு நேரடியாகக் கிடைத்த பெரிய லாபம் ஒன்று உண்டு. அது வழக்குக்கு வழங்கப்படும் "சி.என்.ஆர்." எண். எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்டது. மாநிலம், மாவட்டம், கோர்ட்டு, வரிசை எண், ஆண்டு ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். ரெயில் டிக்கெட்டுக்குப் பி.என்.ஆர். எப்படியோ, வழக்குக்கு இது அப்படி.

இந்த எண்ணை இ-கோர்ட்டு இணையதளத்திலோ, செல்போன் செயலியிலோ தட்டினால், அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது, எந்த நீதிபதி முன்பு வழக்கு இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பல கோர்ட்டுகளில் உத்தரவின் நகலையே இறக்கிக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

முன்பு இந்தத் தகவலுக்கு ஒரே வழி, ஊரிலுள்ள வக்கீலின் குமாஸ்தாவுக்கு டெலிபோன் செய்வதுதான். அவர் "வாய்தா ஆகிவிட்டது" என்றால் நம்ப வேண்டியதுதான். "செலவுக்கு அனுப்புங்கள்" என்றால் அனுப்ப வேண்டியதுதான். நாணயமாகத் தொழில் நடத்தும் வக்கீல்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் கட்சிக்காரன் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான் என்பதைப் பயன்படுத்திக்கொள்கிறவர்களும் இல்லாமலில்லை. இப்போது கட்சிக்காரன் மும்பையிலிருந்தே சரிபார்க்க முடிகிறது. ஆகவே ஊரில் வழக்கு வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக வக்கீலிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

எண் தெரியாவிட்டால், கட்சிக்காரரின் பெயரைக் கொடுத்தும் தேடலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒரு விதம், பத்திரத்தில் ஒரு விதம், வழக்கில் வேறு விதம். முழுப் பெயரைத் தட்டி, "வழக்கு இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடக்கூடாது. பெயரின் முதல் சில எழுத்துக்களை மட்டும் கொடுத்தும், முன்னெழுத்தை மாற்றியும் இரண்டு மூன்று முறை பார்ப்பதே நல்லது.

தெரியாமலே தோற்கிற வழக்கு

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல வேண்டும்? வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் "எக்ஸ்பார்ட்டி" தீர்ப்புகளே. ஊர் விலாசத்துக்குச் சம்மன் போகும். வீடு பூட்டியிருக்கும், அல்லது வாங்கியவர் சொல்ல மறந்திருப்பார். பிரதிவாதி வரவில்லை என்று எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிடும். நிலத்தை அளக்க ஆள் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கும்படி அதே கோர்ட்டில் மனுச் செய்யலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்குள்ள கெடு, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான். சம்மன் முறைப்படி சேரவில்லை என்றால் மட்டும், தீர்ப்பு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். நாமே போட்ட வழக்கு, நாம் ஆஜராகாததால் தள்ளுபடியானாலும் இதே 30 நாள் கெடுதான். கெடு தாண்டினால், தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு, அதற்குத் தனி வாதம், தனிச் செலவு. மாதம் ஒரு முறை செல்போனில் பார்த்தால் இந்த 30 நாள் கைவிட்டுப் போகாது. பலருக்கு ஒரு சொத்தையே இது காப்பாற்றிக் கொடுக்கும்.

திரையில் ஆஜராகலாமா?

தகவல் அறிவது ஒன்று, ஆஜராவது வேறு. மும்பையிலிருந்தபடியே திருநெல்வேலிக் கோர்ட்டில் வீடியோ மூலம் ஆஜராக முடியுமா? சட்டம் முடியும் என்கிறது. நடைமுறையோ பாதி தூரம்தான் வந்திருக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, இதற்கு வழி திறந்ததே மும்பையில் எழுந்த ஒரு வழக்குதான். மும்பை மருத்துவர் ஒருவர் மீதான கிரிமினல் வழக்கில், அமெரிக்காவிலிருந்த டாக்டர் ஒருவரின் சாட்சியத்தை வீடியோ மூலம் பதிவு செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2003-ல் தீர்ப்பளித்தது. சாட்சி கூண்டில் நேரில் நின்றாக வேண்டும் என்பதில்லை, எதிரில் இருப்பவரைப் பார்க்கவும் கேட்கவும் முடிந்தால் போதும் என்பது அதன் சாரம்.

அதன் பிறகு பதினேழு ஆண்டுகள் இது அபூர்வமாகவே பயன்பட்டது. 2020-ல் கொரோனா வந்து கோர்ட்டுகள் பூட்டப்பட்டபோது, ஏப்ரல் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தன் விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தி, நாடெங்கும் வீடியோ விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் இ-கமிட்டி மாதிரி விதிகளை வெளியிட்டது. சென்னை, மும்பை ஐகோர்ட்டுகளும் அதைத் தழுவி விதிகள் வகுத்திருக்கின்றன. கட்சிக்காரரும் சாட்சியும் வீடியோ விசாரணை கேட்டு மனுக் கொடுக்க இவ்விதிகள் இடம் தருகின்றன.

2023 அக்டோபர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு படி மேலே போயிற்று. வீடியோ மூலம் ஆஜராக விரும்பும் வக்கீலுக்கோ கட்சிக்காரருக்கோ எந்த ஐகோர்ட்டும் அந்த வசதியை மறுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அன்றாட வழக்குப் பட்டியலிலேயே இணைப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது.

நல்ல உத்தரவுதான். ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐகோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர் பெரும்பாலும் வக்கீலை வைத்துவிட்டு வீட்டிலிருப்பார். அங்கே கட்சிக்காரர் நேரில் வர வேண்டிய சந்தர்ப்பம் குறைவு. கட்சிக்காரனும் சாட்சியும் நேரில் நின்றாக வேண்டியது முன்சீப் கோர்ட்டிலும், மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலும், குடும்பநலக் கோர்ட்டிலும்தான். அங்கே வீடியோ விசாரணை இன்னமும் நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது. யாருக்கு மிகத் தேவையோ அவருக்கு அது உரிமையாகவில்லை.

கிரிமினல் வழக்கைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், விசாரணையை மின்னணு முறையில் நடத்தலாம் என்று 530-வது பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. மாநில அரசு அறிவிக்கும் "குறிப்பிட்ட இடத்தில்" இருந்து சாட்சி சொல்லலாம் என்றும் அதில் உண்டு. ஆகவே எல்லாம் அந்த "குறிப்பிட்ட இடம்" எது என்பதில் வந்து நிற்கிறது. அது தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்குமானால், மும்பையில் இருக்கும் சாட்சிக்கு அதனால் என்ன பிரயோசனம்?

குடும்ப வழக்கில் எச்சரிக்கை

எல்லா வழக்கையும் திரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று வாதிப்பதும் சரியல்ல. கணவன் ஊரில் விவாகரத்து வழக்குப் போட்டிருப்பான், மனைவி குழந்தையோடு மும்பையில் இருப்பாள். வழக்கை மும்பைக்கு மாற்ற அவள் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டும். இப்படிப்பட்ட மனுக்கள் குவியவே, வழக்கை மாற்றுவதற்குப் பதில் வீடியோவில் நடத்தலாம் என்று 2017 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. சமரசப் பேச்சு தோல்வியடைந்த பிறகு, இரு தரப்பும் சம்மதித்தால் கோர்ட்டு அனுமதிக்கலாம் என்பதே அத்தீர்ப்பு.

இதில் நியாயம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் மாமியார், மைத்துனன், குழந்தை எல்லோரும் சூழ்ந்திருக்க, ஒரு பெண் செல்போன் திரையைப் பார்த்துத் தன் குறையை எப்படிச் சொல்வாள்? யார் அவளை மிரட்டுகிறார்கள் என்பது நீதிபதிக்கு எப்படித் தெரியும்? ஆனால் இதற்குப் பரிகாரம் அவளை ரெயிலேற்றி அனுப்புவதல்ல. மும்பையிலுள்ள ஒரு கோர்ட்டு வளாகத்தில், கோர்ட்டு அலுவலர் முன்னிலையில், தனி அறையில் அவளை உட்கார வைப்பதே பரிகாரம்.

மொழி என்னும் சுவர்

கம்ப்யூட்டர் வந்தாலும் அது பேசுவது யாருடைய மொழி? ஐகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் ஆங்கிலம். மகாராஷ்டிரக் கீழ்க்கோர்ட்டுகளில் மராத்தி. சென்னை ஐகோர்ட்டில் தமிழைக் கொண்டுவரத் தமிழக சட்டசபை 2006-ல் தீர்மானம் நிறைவேற்றியது. சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் அதை ஏற்க மறுத்துவிட்டது.

2019 நவம்பரில் "சுவாஸ்" என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வெளியிடப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் சில இப்போது தமிழிலும் கிடைக்கின்றன. இது வரவேற்க வேண்டியதே. ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீதிபதிகளே ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார்கள். அப்பீலுக்கு "அனுமதி வழங்கப்பட்டது" என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடரை, இயந்திரம் இந்தியில் "விடுமுறை வழங்கப்பட்டது" என்று மாற்றிவிட்டதாம். படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. நம் வழக்கில் நடந்தால் சிரிப்பு வராது. இதையெல்லாம் உத்தேசித்துத்தான், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தீர்ப்போ முடிவோ எழுதக்கூடாது என்று கேரள ஐகோர்ட்டு 2025 ஜூலையில் தன் கீழ்க்கோர்ட்டுகளுக்குக் கட்டளையிட்டது.

போலிக் கோர்ட்டு

கோர்ட்டு திரைக்கு வந்தவுடன் திருடனும் திரைக்கு வந்துவிட்டான். 2024-ல் லூதியானாத் தொழிலதிபர் ஒருவரை வீடியோவில் போலியாக ஒரு சுப்ரீம் கோர்ட்டு விசாரணையையே நடத்திக் காட்டி, ரூ.7 கோடியைப் பறித்தார்கள். படித்த செல்வந்தருக்கே இந்தக் கதி. "உங்கள் பேரில் வாரண்டு இருக்கிறது, செல்போனை வைத்துவிடாதீர்கள், நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்று யாராவது சொன்னால், அது நூற்றுக்கு நூறு மோசடி. டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. எந்த நீதிபதியும், எந்தப் போலீஸ் அதிகாரியும் வாட்ஸ்அப்பில் பணம் கேட்க மாட்டார். இந்த மோசடியைச் சுப்ரீம் கோர்ட்டே 2025 அக்டோபரில் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. "வாட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கிறது, அதுவே சாட்சி" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கச் சட்டப்படியான சான்றிதழ் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் கூறியது. 2024-ல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவும் அதையே சொல்கிறது. கூலி பாக்கியோ, கடன் பாக்கியோ, செய்தி வந்த செல்போனையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வெறும் படப் பிரதி போதாது.

பெர்த்து கூடவில்லை

கடைசியாக, அடிப்படையான விஷயத்துக்கு வருவோம். 1980-களின் நடுவில் ரெயில்வேயில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்தது. கியூ குறைந்தது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரெயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. காத்திருப்புப் பட்டியலில் நாம் எத்தனையாவது ஆள் என்பது துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் ஒரு பெர்த்தைக்கூட உண்டாக்கவில்லை. கோடை விடுமுறையில் நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கு டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெர்த்து வேண்டுமானால் பெட்டி வேண்டும்.

கோர்ட்டிலும் அதே கதைதான். நாட்டில் தேங்கியுள்ள வழக்குகள் 5 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. கீழ்க்கோர்ட்டுகளில் அனுமதிக்கப்பட்ட நீதிபதி பதவிகள் சுமார் 25,000. அந்த ஆண்டில் அதில் 5,000-க்கு மேல் காலி. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகளாவது வேண்டும் என்று சட்டக் கமிஷன் 1987-லேயே சிபாரிசு செய்தது. இன்றும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையே சுமார் 21-தான். கம்ப்யூட்டர் நமக்கு வரிசையைக் காட்டுகிறது. வரிசையை நகர்த்த நீதிபதியும், ஸ்டெனோகிராபரும், கோர்ட்டு அறையும் வேண்டும். ரூ.7,210 கோடியைக் காட்டி இந்தக் குறையை மறைத்துவிடக்கூடாது.

வேகம் எங்கே சாத்தியமோ அங்கே கம்ப்யூட்டர் அற்புதம் செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தும், உத்தரவு நகல் வந்து சேரவில்லை என்று ஆக்ரா ஜெயிலில் 13 பேர் விடுதலையாகாமல் கிடந்தார்கள். அதன் விளைவாக 2022 மார்ச்சில் "பாஸ்டர்" என்ற முறை வந்தது. ஜாமீன் உத்தரவு இப்போது மின்னணு வழியில் நேராக ஜெயிலுக்குப் போகிறது. கேரளத்தில் கொல்லத்தில், செக் வழக்குகளுக்காக இருபத்து நான்கு மணி நேரமும் மனு ஏற்கும் ஆன்லைன் கோர்ட்டு ஒன்று 2024 நவம்பரில் வேலையைத் தொடங்கியிருக்கிறது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு இவை சாட்சி.

என்ன கேட்க வேண்டும்?

மும்பையிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். முதலாவது, வெளிமாநிலத்தில் வேலை செய்கிற கட்சிக்காரரும் சாட்சியும் கீழ்க்கோர்ட்டில் வீடியோ மூலம் ஆஜராவதை உரிமையாக்க வேண்டும். முக்கியமான குறுக்கு விசாரணைக்கு மட்டும் நேரில் அழைத்தால் போதும். இரண்டாவது, மும்பை, தானே கோர்ட்டுகளின் இ-சேவை மையங்களையே தமிழ்நாட்டு வழக்குகளுக்கும் ஆஜராகும் இடமாக இரு மாநில ஐகோர்ட்டுகளும் அங்கீகரிக்க வேண்டும். நாட்டின் எந்தக் கோர்ட்டுக்கும் மனுத் தாக்கல் செய்ய உதவும் மையம் 2020-ல் முதலில் தொடங்கியதே இந்த மாநிலத்தின் நாகபுரியில்தான். ஆகவே இது நடக்காத காரியமல்ல. மூன்றாவது, அந்த மையங்களில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான டெலிபோன் எண் 15100.

கோரிக்கைகள் நிறைவேறக் காலம் பிடிக்கும். அதுவரை கையிலிருப்பதைப் பயன்படுத்துவோம். இன்றே ஊருக்குப் போன் செய்து வழக்கின் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், மாதம் ஒரு முறை அதைத் தட்டிப் பார்த்துச் சொல்லும்படி ஒப்படையுங்கள். அடுத்த வாய்தாவுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்பு, "வீடியோ மூலம் ஆஜராக மனுப் போடலாமா?" என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால்தான், இன்று நீதிபதியின் விருப்பமாக இருப்பது நாளை நம் உரிமையாகும்.